துணிப் பட்டைகளால் முதல் குயில்ட் கட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2½ அங்குல அகலமுள்ள மூன்று துணிப் பட்டைகளை நீளவாக்கில் சேர்த்துத் தைக்க வேண்டும். அதை 6½ அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஒன்றைப் படுக்கையாகவும் அடுத்ததை நிமிர்த்தியும் வைத்து இணைக்க வேண்டும். ‘ரெயில் ஃபென்ஸ்’ என்ற பெயரில் புழங்கும் கட்டம் இவ்வளவுதான். புதிதாகத் தைப்பவர்கள் இதைத் தொடங்கும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் சில கேள்விகள் அடிப்படை. தையல் மெஷினில் ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்கள் அளவுக் கணக்கிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.

பேட்ச்வொர்க், குயில்ட் ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து ஒரே துணியாக்குவது பேட்ச்வொர்க். அதை மேலே வைத்து, நடுவில் பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு முழுத் துணி என மூன்றையும் சேர்த்து ஊடுருவித் தைத்தால் அது குயில்ட். இந்தப் பக்கம் மேல் துணியைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுவோம். பேட்ச்வொர்க்கின் அடிப்பக்கத்தில் வெட்டு விளிம்புகள் எல்லாம் திறந்தே கிடக்கும். லைனிங்கோ அடித்துணியோ கொடுக்காமல் அப்படியே பயன்படுத்தித் துவைத்தால் சில சலவைகளில் நூல் பிரிந்து தையல் விட்டுப்போகும்.

முக்கோணம், பூ எல்லாம் அழகா இருக்கே. ஏன் பட்டையிலதான் ஆரம்பிக்கணும்?

முக்கோணத்தில் ஒரு பக்கமாவது கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். கிராஸ் விளிம்பு கை பட்டாலே இழுபடும், இஸ்திரிப் பெட்டி பட்டால் இன்னும் இழுபடும். பட்டையில் எல்லா விளிம்பும் நூலோட்டத்தோடு நேராகப் போவதால் அந்தத் தொல்லை இல்லை. தைப்பதும் நேர்கோடு மட்டும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கட்டம் தவறைத் தாங்கும். எல்லாத் தையலிலும் ஒரே அளவு பிசகினால் அது பிசகே இல்லை, எல்லாச் சதுரமும் ஒரே அளவில் சிறுத்துவிடும், அவ்வளவுதான். ஒன்றுக்கு ஒன்று வேறுபட்டால்தான் தொல்லை. கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு விஷயத்தையே சுற்றி வரும்.

ரோட்டரி கட்டர், மேட் எல்லாம் இல்லாம முடியாதா?

முடியும். கூர்மையான கத்தரிக்கோல், வளையாத நீள ஸ்கேல், சாக் போதும். சாக்கின் முனை மழுங்கியிருந்தால் கோடே ஒன்றரை மி.மீ. தடிமனாக விழும். கோட்டின் உள்பக்கம் வெட்டுவதா வெளிப்பக்கம் வெட்டுவதா என்பதை முதல் பட்டையிலேயே முடிவு செய்து கடைசி வரை அப்படியே வெட்டுங்கள். துணியை மேசையிலிருந்து தூக்காமல், கத்தரியின் கீழ்த் தகடு மேசையோடு உரசிப் போகும்படி வெட்ட வேண்டும்.

இருபது முப்பது சதுரத்துக்கு மேல் திட்டம் இருந்தால் ரோட்டரி கட்டர், கட்டிங் மேட், அகலமான கண்ணாடி ஸ்கேல் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். மேட் இல்லாத கட்டர் மேசையையும் கெடுக்கும், பிளேடையும் கெடுக்கும். பிளேடு திறந்த சவரக் கத்திக்குச் சமம். உடலிலிருந்து விலகும் திசையில் மட்டும் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு மூடிவிட வேண்டும்.

இன்ச் டேப்பைப் பட்டை வெட்டப் பயன்படுத்தாதீர்கள். அது உடல் அளவு எடுக்க வந்த பொருள். பழையதானால் நீண்டும் இருக்கும்.

எந்தத் துணி நல்லது? பழைய சட்டை, பெட்ஷீட் ஆகுமா?

நெருக்கமாக நெய்த, நடுத்தர கனமுள்ள பருத்தித் துணி. பாப்ளின் மிகவும் தோது. மூன்று பட்டையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒன்று வாயில் (voile) துணி போல மெலிந்தும் இன்னொன்று ஜீன்ஸ் போலத் தடித்தும் இருந்தால் தடித்தது மெலிந்ததை இழுத்துச் சுருக்கும். வழுக்கும் துணி, இழுபடும் பனியன் துணி இரண்டும் முதல் முயற்சிக்கு வேண்டாம். செயற்கை இழை கலந்தது சூட்டில் சுருங்கும், மடிப்பும் சரியாக நிற்காது.

பழைய சட்டையில் முதுகுப் பகுதிதான் நல்ல துணி. காலர், முழங்கை, அக்குள் பக்கம் நைந்திருக்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மெலிந்த இடம் தனியாகத் தெரியும். பெட்ஷீட்டில் நடுப்பகுதி தேய்ந்திருக்கும், ஓரங்கள் நன்றாக இருக்கும்.

வெட்டுறதுக்கு முன்னாடி துணியை நனைக்கணுமா?

முழுத் துணியாக இருந்தால் நனைத்து, காய வைத்து, தேய்த்துவிட்டு வெட்டுங்கள். புதுப் பருத்தி முதல் சலவையில் சுருங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். அடர் சிவப்பு, கருநீலம் போன்றவை சாயம் விடக்கூடும். ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணி ஒன்றை மேலே வைத்து அழுத்தித் தேய்த்தால், சாயம் போவதானால் வெள்ளையில் ஒட்டிவிடும்.

ஏற்கெனவே பட்டையாக வெட்டி வாங்கியதை நனைக்கக் கூடாது. நூல் பிரிந்து ஒன்றோடு ஒன்று சிக்கி, பட்டை அகலமும் போய்விடும். நனைத்த துணி தொளதொளவென்று இருந்தால் லேசாகக் கஞ்சி போட்டுத் தேய்த்துவிட்டு வெட்டுங்கள். விறைப்பான துணியில் வெட்டும் தையலும் நேராக வரும்.

மூணு நிறம் எப்படித் தேர்ந்தெடுக்கிறது? நான் எடுத்த மூணும் நல்லாத்தான் இருக்கு, தைச்சா ஒண்ணுமே எடுப்பா தெரியலை.

நிறம் மூன்றாக இருந்தாலும் அடர்த்தி ஒன்றாகவே இருந்தால் இப்படித்தான் ஆகும். பச்சையும் சிவப்பும் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருக்கலாம். மூன்றையும் பக்கத்தில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஒன்று வெளிர், ஒன்று நடுத்தரம், ஒன்று அடர்த்தி என மூன்று படிகள் தெரிந்தால் அது நல்ல தேர்வு.

அடர் நிறத்தை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வையுங்கள். சதுரங்களை மாற்றி மாற்றி அடுக்கும்போது படிக்கட்டு வடிவத்தை உண்டாக்குவது அந்த ஓரப் பட்டைதான். பெரிய பூப்போட்ட துணியை 2½ அங்குலத்தில் வெட்டினால் பூ தெரியாது, அங்கங்கே திட்டுத்தான் தெரியும். பொடிப் பூ, புள்ளி, வெறும் நிறம் இவைதான் பட்டைக்கு ஏற்றவை.

2½ அங்குலப் பட்டை மூணு சேர்த்தா 7½ தானே வரணும்? ஏன் 6½ன்னு சொல்றீங்க?

ஒவ்வொரு தையலும் இரண்டு பக்கத்திலிருந்தும் கால் கால் அங்குலம் எடுத்துக்கொள்ளும், அதுதான் தையல் ஓரம். ஆக ஒரு தையலுக்கு அரை அங்குலம். மூன்று பட்டைக்கு இரண்டு தையல், ஒரு அங்குலம் போனால் 6½. இப்படி மூன்று பட்டை சேர்ந்த நீளத் துணியை இனி ‘தொகுதி’ என்போம். தொகுதியின் அகலம் 6½ என்பதால் நீளவாக்கிலும் 6½ அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினால் சதுரம். அந்தச் சதுரம் பக்கத்துச் சதுரங்களோடு சேரும்போது நான்கு பக்கமும் கால் அங்குலம் உள்ளே போய், கடைசியில் கண்ணுக்குத் தெரிவது 6 அங்குலம்.

இந்த 6 என்ற எண் வசதியானது. 6ஐப் பட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்து, அரை அங்குலம் கூட்டினால் வெட்ட வேண்டிய அகலம் கிடைக்கும். நான்கு பட்டை என்றால் 2 அங்குலம், ஆறு பட்டை என்றால் 1½ அங்குலம். மூன்று வகையும் 6½ சதுரத்தில்தான் முடியும் என்பதால் ஒரே போர்வையில் கலந்தும் வைக்கலாம். ஆனால் பட்டை கூடக்கூடத் தையலும் கூடும், பிசகும் கூடும். முதலில் மூன்றே போதும்.

எனக்கு அங்குலம் பழக்கமில்லை. சென்டிமீட்டர்ல செய்யலாமா?

தாராளமாக. ஆனால் அங்குல அளவைச் சென்டிமீட்டராக மாற்றிக்கொண்டு செய்யாதீர்கள். 6.35, 16.51 என்று பிடிக்க முடியாத எண்கள் வரும். தொடக்கத்திலிருந்தே சென்டிமீட்டரில் கணக்குப் போடுங்கள். பட்டை அகலம் 6.5 செ.மீ., தையல் ஓரம் 7.5 மி.மீ. என்றால் தொகுதி 16.5 செ.மீ., சேர்த்த பிறகு தெரிவது 15 செ.மீ. ஒரே வேலையில் இரண்டு முறையையும் கலப்பதுதான் ஆபத்து.

மொத்தம் எவ்வளவு துணி வேணும்?

42 அங்குல அகலத் துணியைக் குறுக்கே வெட்டினால் ஒரு பட்டை ஏறக்குறைய 41 அங்குலம் நிற்கும், இருபக்கக் கரையும் கழிந்துவிடும். அப்படி மூன்று பட்டை சேர்த்த ஒரு தொகுதியிலிருந்து ஆறு சதுரம் வரும். 18 அங்குலக் குஷன் உறைக்கு மூன்று வரிசையில் ஒன்பது சதுரம், அதாவது இரண்டு தொகுதி. 48க்கு 60 அங்குலப் போர்வைக்கு எட்டுக்குப் பத்து என 80 சதுரம், 14 தொகுதி. 14 பட்டைக்கு 35 அங்குலத் துணி செலவாகும். ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மீட்டர் எடுத்தால் ஓரம் நேராக்கக் கொஞ்சம் மிஞ்சும்.

முதல் முயற்சிக்குக் குஷன் உறை சரியான அளவு. ஒன்பது சதுரத்துக்குள் எல்லாத் தவறும் வந்துபோய்விடும், அலுப்புத் தட்டுவதற்குள் வேலையும் முடிந்துவிடும்.

பட்டையை விரிச்சுப் பார்த்தா நடுவுல முட்டி மடக்கின மாதிரி வளைஞ்சிருக்கு. நேராத்தானே வெட்டினேன்?

வெட்டு நேர்தான், மடிப்புதான் கோணல். துணியை இரண்டாக மடித்து வெட்டும்போது மடிப்பு விளிம்புக்குச் செங்குத்தாக வெட்டு விழாவிட்டால் பட்டை நடுவில் முறியும். கரையும் கரையும் சேரும்படி மடித்து, தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மடிப்பின் அடியில் சுருக்கமோ முறுக்கோ இல்லாமல் தொங்க வேண்டும். அப்படித் தொங்கும் வரை ஒரு கரையை மற்றொன்றின்மேல் இடமோ வலமோ நகர்த்துங்கள். இரண்டு முனைகள் பொருந்தாமல் போனால் போகட்டும். அவற்றை எப்படியும் வெட்டி எறியத்தான் போகிறோம்.

பிறகு ஸ்கேலின் குறுக்குக் கோட்டை மடிப்பின்மேல் சரியாகப் பொருத்தி முதல் ஓரத்தை நேராக்குங்கள். மூன்று நான்கு பட்டைக்கு ஒருமுறை மறுபடி நேராக்க வேண்டும், சிறு சாய்வு ஒவ்வொரு வெட்டிலும் கூடிக்கொண்டே வரும். முறிந்த பட்டையை நீட்டித் தேய்த்து நேராக்க முயல வேண்டாம். முறிவில் இரண்டாக வெட்டி, குட்டைப் பட்டைகளாகப் பயன்படுத்துங்கள்.

என் மெஷின்ல கால் அங்குலம் காட்டுற குறியே இல்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்கேலைப் பிரஷர் புட்டின் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி முனை கால் அங்குலக் கோட்டைத் தொடும்படி இறக்குங்கள். ஸ்கேலின் வலது விளிம்பை ஒட்டி ஊசித் தகட்டில் காகித டேப் ஒட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்தாறு அடுக்கு ஒட்டினால் சிறு திட்டு போல நிற்கும், துணி விளிம்பு அதை உரசிக்கொண்டே போகும். துணியை நகர்த்தும் பல்லின்மேல் டேப் படக் கூடாது.

இனி சோதனை. 1½ அங்குல அகலத்தில் மூன்று துண்டு வெட்டி, சேர்த்துத் தைத்து, தேய்த்து அளங்கள். நடுத் துண்டு சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் ஓரம் அகலம், டேப்பை ஊசிப் பக்கம் நகர்த்துங்கள். கூடினால் எதிர்ப்பக்கம். பெரும்பாலும் முதல் தடவை குறையத்தான் செய்யும். துணி மடியும் இடத்தில் ஒன்றிரண்டு நூல் அகலம் காணாமல் போகும், ஆகவே கால் அங்குலத்துக்கு ஒரு நூல் உள்ளேதான் தைக்க வேண்டும். பட்டை வெட்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பின்னால் வரும் கேள்விகளில் பாதியைக் கேட்கிறார்கள்.

தையல் அளவு எவ்வளவு வைக்கணும்? ரெண்டு முனையிலும் ரிவர்ஸ் போடணுமா?

2 மி.மீ. வையுங்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண் போட்ட பழைய மெஷினானால் 12 அல்லது 13. அங்கே எண் கூடினால் தையல் சிறுக்கும், மி.மீ. மெஷினில் எண் குறைந்தால் சிறுக்கும். குழம்பிவிடாதீர்கள்.

ரிவர்ஸ் வேண்டாம். தைத்த தொகுதியைத்தான் பிறகு குறுக்கே வெட்டப் போகிறோம், ரிவர்ஸ் போட்ட முனைகளும் கழிந்துபோகும். வெட்டிய இடத்தில் தையல் பிரியாமல் காப்பது சிறு தையல்தான். தொடக்கத்தில் துணி முனையை ஊசித் துளை உள்ளே இழுத்துக்கொண்டால், ஒரு கழிவுத் துணியில் தைக்க ஆரம்பித்து, நிறுத்தாமல் அப்படியே பட்டைக்குள் செல்லுங்கள்.

மூணு பட்டையும் தைச்சு முடிச்சதும் தொகுதி வாழைப்பழம் மாதிரி வளையுது. எதனால?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கீழே இருக்கும் துணியைப் பல் முன்னால் இழுக்கிறது, மேலே இருக்கும் துணியைப் பிரஷர் புட் அழுத்திப் பின்தங்க வைக்கிறது. நாற்பது அங்குலத் தூரத்தில் இந்தச் சிறு வேறுபாடு சேர்ந்து, மேல் துணி முடிவில் நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு தையலையும் ஒரே முனையிலிருந்து தொடங்கினால் இரண்டு இழுப்பும் ஒரே பக்கம் சேர்ந்து தொகுதி வளைந்துவிடும். முதல் தையலை எந்த முனையில் முடித்தீர்களோ, மூன்றாவது பட்டைக்கு அந்த முனையிலிருந்து தொடங்குங்கள். இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டும்.

துணியைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு தைப்பதும் வளைக்கும். கை வழி மட்டும் காட்ட வேண்டும், நகர்த்துவது பல்லின் வேலை. நான்கு அங்குலத்துக்கு ஒரு குண்டூசி குத்தி, ஊசி வருமுன் எடுத்துவிடுங்கள். இன்னும் எளிய வழி, பட்டையை இரண்டாக வெட்டி இருபது அங்குலத் தொகுதிகளாகத் தைப்பது. ஒவ்வொன்றிலும் மூன்று சதுரம் கிடைக்கும், வளைய இடமே இருக்காது. ஓரம் நேராக்க அரை அங்குலம்தான் மிஞ்சும், அதனால் முனைகளைச் சேர்த்துப் பிடித்தே தையுங்கள்.

சில நேரம் குற்றம் மெஷினில் இருக்காது, இஸ்திரியில் இருக்கும்.

தேய்க்கிறதுல அப்படி என்ன இருக்கு?

சட்டை தேய்ப்பது போலப் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டக் கூடாது. வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். குறுக்கே வெட்டிய பட்டை ஊடை (குறுக்கு) நூல் திசையில் ஓடுகிறது, அந்தத் திசை பாவு (நீளவாக்கு) நூலைவிட அதிகம் இழுபடும். நீளவாக்கில் ஓட்டினால் பட்டை நீளும், நீண்ட பக்கம் வெளியே வளையும்.

முதலில் தொகுதியைத் திறக்காமல், தைத்த நிலையிலேயே தையலின்மேல் அழுத்துங்கள். நூல் துணிக்குள் பதியும். பிறகு அடர் நிறப் பட்டை மேலே வரும்படி வைத்து, அதை மட்டும் புரட்டி, நல்ல பக்கத்திலிருந்து (வெளியே தெரியும் பக்கம்) அழுத்துங்கள். தையல் ஓரம் அடர் நிறத்தின் அடியில் போய்விடும், வெளிர் துணி வழியே நிழல் தெரியாது. புரட்டும் இடத்தில் சின்ன மடிப்பு ஒளிந்துகொள்ளும். முழுதாகத் திறக்காத அந்த மடிப்பு அகலத்தைத் தின்னும்.

ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த தையல்.

எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், ஆனா தொகுதி 6½ வரலை. 6¼ தான் இருக்கு. பிரிக்கணுமா?

வேண்டாம். மேலே சொன்ன ஒளிந்த மடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சில நேரம் மறுபடி தேய்த்தாலே சரியாகிவிடும். இல்லையென்றால் உங்கள் தையல் ஓரம் ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அகலமாக இருக்கிறது. அவ்வளவு சின்னப் பிசகு இரண்டு தையலில் கால் அங்குலமாகிவிடும்.

எல்லாத் தொகுதியும் 6¼ இருந்தால் சதுரத்தை 6¼க்கே வெட்டுங்கள். போர்வை கொஞ்சம் சிறுக்கும், வேறு எதுவும் ஆகாது. எல்லாத் தொகுதியையும் தைத்து முடித்து, அளந்து, மிகக் குறுகலானதன் அகலத்தையே எல்லாவற்றுக்கும் அளவாக வைத்துக்கொள்ளலாம். அகலமானவற்றை இரு ஓரத்திலும் சமமாகச் செதுக்க வேண்டும். ஒரே பக்கம் செதுக்கினால் ஒரு பட்டை மட்டும் மெலிந்து தெரியும். ஒரே தொகுதிக்குள் ஒரு முனை 6½, மறுமுனை 6¼ என்று இருந்தால் மட்டும் பிரிப்பது நல்லது.

சதுரம் அளவு சரி, ஆனா உள்ள பட்டைங்க சாஞ்சு தெரியுது.

ஸ்கேலைத் தொகுதியின் வெளி விளிம்போடு பொருத்தி வெட்டியிருப்பீர்கள். விளிம்பு எப்போதும் கொஞ்சம் அலையும். ஸ்கேலின் குறுக்குக் கோட்டை நடுப்பட்டையின் தையல்மேல் வைத்து வெட்டுங்கள், கண் பார்ப்பது அந்தத் தையலைத்தான். லேசாக வளைந்த தொகுதியைக்கூட இப்படி வெட்டிக் காப்பாற்றிவிடலாம், 6½ அங்குலத் துண்டுக்குள் வளைவு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சதுரத்துக்கு ஒருமுறை ஓரத்தை நேராக்குங்கள்.

எப்படி அடுக்கினா படிக்கட்டு வரும்? எனக்கு எல்லாம் சிதறிப்போகுது.

முதல் சதுரத்தைப் படுக்கையாக, அடர் பட்டை கீழே இருக்கும்படி வையுங்கள். வலப்பக்கத்துச் சதுரம் நிமிர்ந்து, அடர் பட்டை வலது ஓரத்தில். மூன்றாவது மறுபடி படுக்கை. இரண்டாம் வரிசை நிமிர்ந்த சதுரத்தில் தொடங்க வேண்டும். இதையே மாற்றி மாற்றித் தொடர்ந்தால் அடர் நிறம் இடமிருந்து வலமாகப் படி இறங்கும். ஒரே ஒரு சதுரம் தலைகீழாக இருந்தாலும் படி அறுந்துவிடும். தைக்கும் முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், படத்தில் தப்பு உடனே கண்ணில் படும்.

வரிசைகளைச் சேர்க்கிறப்போ நாலு மூலையும் ஒரே புள்ளியில சேர மாட்டேங்குது.

இந்தக் கட்டத்தில் பொருத்த வேண்டியதே அந்தப் புள்ளிகள் மட்டும்தான். ஒரு சதுரத்தின் பட்டை முனைகள் பக்கத்துச் சதுரத்தின் முழுப் பட்டையோடுதான் சேர்கின்றன, ஆகவே உள்தையல்களைப் பொருத்தும் வேலை கிடையாது. இரண்டு சதுரம் சேர்ந்த தையல் ஓரத்தை எப்போதும் நிமிர்ந்த சதுரத்தின் பக்கமே சாய்த்துத் தேயுங்கள். முதல் வரிசையில் வலப்பக்கம் சாய்ந்த இடத்தில் இரண்டாம் வரிசையில் தானாகவே இடப்பக்கம் சாய்ந்திருக்கும். வரிசைகளை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்தால் இரண்டு திட்டும் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் தெரியும். அங்கே ஒரு குண்டூசி.

சதுரத்தோடு சதுரம் சேர்க்கும்போது பட்டை முனைகள் வரும் பக்கத்தை மேலே வைத்துத் தையுங்கள். கீழே இருந்தால் பல் உள்தையல் ஓரத்தை மடக்கிவிடும், அது தெரிய வருவது தைத்து முடித்த பிறகுதான். ஒரு சதுரம் சற்றே பெரிதாக இருந்தால், பெரியதைக் கீழே வையுங்கள். மேலே வாழைப்பழக் கேள்வியில் சொன்ன அதே இழுப்பு இப்போது உங்களுக்கு உதவும், மிகையைப் பல் உள்வாங்கிக்கொள்ளும். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இந்த உபாயம் செல்லாது. செதுக்கத்தான் வேண்டும்.

மெஷின் இல்லை. கையால தைச்சா நிக்குமா?

நிற்கும், ஆனால் தொகுதி முறை கைக்குச் சரிப்படாது. கையால் ஓட்டிய தையலைக் குறுக்கே வெட்டினால் நூல் இரு பக்கமும் உருவிக்கொண்டு வரும். முதலிலேயே பட்டைகளை 2½க்கு 6½ துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனியாகத் தையுங்கள். துணியின் அடிப்பக்கத்தில் பென்சிலால் கால் அங்குலக் கோடு போட்டு, ஓர் அங்குலத்துக்கு எட்டுப் பத்து ஓட்டுத்தையல் வீதம் கோட்டின்மேல் போங்கள். தொடக்கத்திலும் முடிவிலும், நடுவில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு முறை பின்தையல் போட்டால் உறுதியாக இருக்கும்.

என்கிட்ட இருக்கிறதெல்லாம் ஒண்ணு ஒரு அங்குலம், ஒண்ணு மூணு அங்குலம்னு தாறுமாறான பட்டைங்க. வீணா?

வீணில்லை, முறை மட்டும் வேறு. மெல்லிய வெள்ளைக் காகிதத்தை 6½ அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். அச்சிட்ட தாள் வேண்டாம், சூட்டில் மை துணியில் ஏறும். காகிதத்தின் மூலைவிட்டத்தில் முதல் பட்டையை நல்ல பக்கம் மேலாக வைத்து, இரண்டாவதை அதன்மேல் கவிழ்த்து, காகிதத்தோடு சேர்த்துத் தைத்து, புரட்டித் தேயுங்கள். இப்படியே இரு மூலை வரை நிரப்பி, காகித அளவுக்கு வெட்டி, காகிதத்தைக் கடைசியில் கிழித்து எடுங்கள். தையல் அளவு 1½ மி.மீ. வைத்தால் காகிதம் துளை வழியே சுலபமாகக் கிழியும். மெஷின் ஊசி காகிதத்தில் சீக்கிரம் மழுங்கும், வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

இதில் பட்டை அகலமும் தையல் ஓரமும் எப்படி இருந்தாலும் சதுரம் 6½ தான். விளிம்புகள் கிராஸாக நிற்கும் என்பதால் சதுரங்களைச் சேர்க்கும் வரை காகிதத்தை எடுக்காமல் வைத்திருப்பது நல்லது.

இது கை வந்தாச்சு. அடுத்து பட்டையிலேயே என்ன செய்யலாம்?

லாக் கேபின். நடுவில் 2½ அங்குலச் சதுரம், அதைச் சுற்றி 1½ அங்குலப் பட்டைகள் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போகும். பட்டை நீளங்கள் முதல் சுற்றில் 2½, 3½, 3½, 4½. இரண்டாம் சுற்றில் 4½, 5½, 5½, 6½. முடிவில் அதே 6½ சதுரம், ஆகவே ஏற்கெனவே தைத்தவற்றோடும் சேர்க்கலாம். முதல் இரண்டு பட்டை வெளிர், அடுத்த இரண்டு அடர்த்தி என்று ஒவ்வொரு சுற்றிலும் வைத்தால் சதுரம் குறுக்கே பாதி வெளிச்சம் பாதி நிழலாகப் பிரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எட்டுத் தையல், ஒவ்வொன்றும் முந்தையதன்மேல் உட்காருகிறது. 6¼ வந்தாலும் பரவாயில்லை என்ற சலுகை இதில் இல்லை. பட்டைகளை மேற்சொன்ன நீளத்துக்கு முன்பே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பட்டை சதுரத்தின் பக்கத்துக்குச் சரியாக உட்காரவில்லை என்றால் தப்பு எந்தத் தையலில் என்று அங்கேயே தெரிந்துவிடும். நீளப் பட்டையைத் தைத்துவிட்டு மிஞ்சியதை வெட்டினால், தப்பு மறைந்து கடைசியில் கோணல் சதுரமாகத்தான் வெளிவரும்.

குஷன் உறைக்கு ரெண்டு தொகுதி தைச்சேன், ஒன்பது சதுரம் போக மிச்சம் இருக்கு. என்ன பண்றது?

மூன்று சதுரத்துக்கான தொகுதி மிஞ்சியிருக்கும். அதை 2½ அங்குலத் துண்டுகளாகக் குறுக்கே வெட்டினால் ஏழு துண்டு வரும், ஒவ்வொன்றிலும் மூன்று நிறமும் இருக்கும். மூன்று துண்டை முனையோடு முனை சேர்த்தால் 18½ அங்குலம், ஒன்பது சதுரக் குஷனின் ஒரு பக்கத்துக்குச் சரியாக வரும். ஆறு துண்டில் மேலும் கீழும் கரை கட்டலாம். நான்கு பக்கமும் வேண்டுமானால் பன்னிரண்டு துண்டும், மூலைகளுக்கு 2½ அங்குலச் சதுரம் நான்கும் தேவை. அதற்கு இன்னும் ஓர் இருபது அங்குலத் தொகுதி தைக்க வேண்டும்.